எதிரணியில் எவ்வளவு தண்ணி?

வெள்ளிக்கிழமை இரவு எட்டரை மணி, செரண்டாவில் ஒரு ரொட்டி சானாய்க் கடை. மேசைமேல் நான்கு தே தாரிக் கிளாஸ்கள் ஒரே வரிசையில் நிற்கின்றன. அவைதான் எதிரணியின் தற்காப்பு. பின்னால் இருக்கும் சீனி டப்பா கோல் காவலர். இளைஞர் ஒருவர் இடது ஓரக் கிளாஸை இரண்டு விரலால் முன்னே தள்ளுகிறார். “பாருங்கண்ணே, இந்த லெப்ட் பேக் மேல ஏறுனா எறங்க மாட்டான். அந்தச் சந்துல நம்ம பையன் பூந்தான்னா முடிஞ்சது கதை.”

எதிரே இருப்பவர் முப்பது வருடம் பால்மரம் வெட்டி ஓய்வு பெற்றவர். அவர் கிளாஸைத் தொடவில்லை. “அவன் மேல ஏறுனது யார்கூட ஆடுனப்ப? அதை மொதல்ல சொல்லு.”

கேட்டது பந்து விளையாட்டைப் பற்றித்தான். ஆனால் அந்தக் கேள்வி தோட்டத்து ஸ்டோரில் பிறந்தது. வெட்டி முடித்துக் கொண்டுவரும் பாலை அங்கே எடை போடுவார்கள். எடை மட்டும் போதாது. மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவியைப் பாலுக்குள் விட்டு, அதில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பார்ப்பார்கள். நல்ல பாலிலேயே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர். வாளி கனக்கிறது என்பதற்காக யாரும் முழுக் கூலி தந்துவிட மாட்டார்கள். மூன்று ஆட்டங்களைத் தொடர்ந்து ஜெயித்த அணியையும் அந்தப் பெரியவர் அப்படித்தான் பார்க்கிறார். வெற்றி மூன்று, சரி. அதில் தண்ணி எவ்வளவு?

வார இறுதி ஆட்டத்துக்கு முன் எதிரணியை எடைபோடும் பழக்கம் உலகம் முழுவதும் உண்டு. அமெரிக்க பேஸ்பாலில் அது ஏறக்குறைய ஒரு சடங்கு. அங்கே ஒரே எதிரணியோடு வெள்ளி, சனி, ஞாயிறு என்று அடுத்தடுத்து மூன்று நாள் மோதுவார்கள். முதலில் பந்தெறிய வருபவருக்கு ஒரு முறை எறிந்த பின் நான்கைந்து நாள் ஓய்வு வேண்டும் என்பதால், எந்த நாளில் யார் எறிவார் என்பது முன்கூட்டியே வெளியாகிவிடும். இரசிகர் அந்தப் பெயர்களை வைத்தே கணக்குப் போடுவார். ஒரு நாள் சறுக்கினாலும் மறுநாள் ஈடுகட்ட வழியுண்டு. வட சிலாங்கூரின் தமிழ் இரசிகருக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரே மாலை, தொண்ணூறு நிமிடம், இரண்டு மூன்று கோல். அந்தக் குறுகிய அளவுக்குள் எதிரணியை எடைபோட அவரிடம் இருந்த கருவிகள் என்னென்ன? அவற்றில் எது நின்றது, எது ஏமாற்றியது?

முதல் கருவி கண். இரண்டாவது சொந்தபந்தம்.

செரண்டா, புக்கிட் தாகார், பத்தாங் பெர்ஜுந்தை, ஈஜோக் என்று உலு சிலாங்கூரிலிருந்து கோல சிலாங்கூர் வரை தோட்டங்கள் ஒன்றையொன்று தொட்டுக் கிடந்த காலத்தில், லயத்துக்கும் கோயிலுக்கும் அடுத்தபடி எல்லோருக்கும் தெரிந்த இடம் திடல்தான். விடியுமுன் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்குப் போய், நண்பகலில் பால் நிறுத்து, மாலை ஐந்து மணிக்குத் திடலுக்கு வந்தவர்களுக்கு அடுத்த தோட்டத்து அணி அந்நியமானதல்ல. அதன் முன்கள ஆட்டக்காரர் ஒருவருக்கு மச்சான், இன்னொருவருக்குச் சித்தப்பா மகன். அவருக்கு எந்தக் காலில் சுளுக்கு, போன வாரத் திருவிழாவில் எத்தனை இரவு கண் விழித்தார் என்பதெல்லாம் கல்யாண வீட்டுப் பந்தியிலேயே தெரிந்துவிடும். எந்தத் திடல் எந்தப் பக்கம் சரிவு, மழை பெய்தால் எந்தக் கோல் முனையில் தண்ணீர் தேங்கும் என்பதும் மனப்பாடம். மழை நாளில் வெட்டு இல்லை, அதனால் கால்கள் ஓய்ந்திருக்கும் என்பதுகூடக் கணக்கில் சேரும்.

இந்த அறிவுக்கு ஒரு பலம் இருந்தது. இரசிகர் எடைபோட்டது அணியின் பெயரை அல்ல, ஆட்களை. பலவீனமும் அங்கேயே இருந்தது. தெரிந்த ஆளைப் பற்றித்தான் தெரியும்.

அந்தப் பலவீனம் மாநில ஆட்டங்களில் வெளிப்பட்டது. எச்எம்எஸ் மலாயா என்ற போர்க்கப்பலின் மாலுமிகள் கொடுத்த கிண்ணத்துக்காக 1921இல் தொடங்கிய போட்டி, 1967இல் மலேசியக் கிண்ணம் ஆனது. முதல் இறுதியாட்டத்தில் சிங்கப்பூரிடம் 1-2 என்று தோற்ற சிலாங்கூர், இதுவரை 33 முறை அதை வென்றிருக்கிறது. வேறு எந்த அணியும் அந்த எண்ணிக்கையை நெருங்கவில்லை.

1975 முதல் 1981 வரையிலான ஏழு இறுதியாட்டங்களில் ஆறில் சிலாங்கூரும் சிங்கப்பூருமே மோதின. அந்த நாள்களின் எடைபோடல் வானொலியையும் பத்திரிகையையும் நம்பியது. 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன தமிழ் நேசனின் விளையாட்டுப் பக்கம் கைமாறிக் கைமாறி மடிப்பு கிழிந்துபோகும். எதிரணியிலும் தமிழ்ப் பெயர்கள் இருந்தது பேச்சுக்குத் தனிச் சுவை. கார்னர் பந்தை வாழைப்பழம்போல் வளைத்து அடித்த எஸ். ராஜகோபால் சிங்கப்பூர்க்காரர். “நம்ம ஆளு, ஆனா நமக்கு எதிரி” என்று சொல்லிக்கொண்டே அவர் கார்னரை எந்தக் கம்பத்தருகே நின்று தடுப்பது என்று மணிக்கணக்கில் பேச முடிந்தது. சிலாங்கூர்ப் பக்கமோ ஆர். ஆறுமுகம் நின்றார். நீண்ட கைகளால் ‘ஸ்பைடர்மேன்’ என்று பெயர் வாங்கியவர். அவர் கோலில் இருக்கிறார் என்பதே எதிரணியைப் பற்றிய பாதிக் கவலையைக் குறைத்துவிடும். 1988இல் சாலை விபத்தில் அவர் இறந்தார்.

அந்த ஆறு இறுதியாட்டங்களில் சிலாங்கூர் ஐந்தை வென்றது. 1975இல் 1-0, 1976இல் 3-0, 1978இல் 4-2, 1979இல் 2-0. இந்த வரிசையைப் பார்த்துவிட்டு 1980இல் எவரும் சிலாங்கூர் பக்கம்தான் பேசியிருப்பார்கள். ஆனால் அந்த ஆண்டு சிங்கப்பூர் 2-1 என்று வென்றது. வெற்றிக் கோலை அடித்தவர் பதினெட்டு வயதுகூட நிரம்பாத ஃபாண்டி அகமது. பழைய ஆட்டங்களை எத்தனை முறை அலசினாலும் அந்தப் பையன் அவற்றில் அகப்பட மாட்டான். மறு ஆண்டு அதே சிங்கப்பூரை சிலாங்கூர் 4-0 என்று கவிழ்த்தது. 1980ஐ மட்டும் நினைவில் வைத்திருந்தவர் அங்கே இரண்டாவது முறை ஏமாந்திருப்பார்.

கடந்த மோதல்களின் முடிவு என்ற கருவியை இன்னும் நெருக்கமாகச் சோதித்துப் பார்க்க இரண்டு உதாரணங்கள் இருக்கின்றன. 2015 டிசம்பரில் ஷா ஆலாம் அரங்கில் சிலாங்கூர் கெடாவை 2-0 என்று வென்று 33ஆவது கிண்ணத்தைத் தூக்கியது. இரண்டு கோலையும் அடித்தவர் ஹஃபிஸ் கமால். பத்தே மாதம் கழித்து, 2016 அக்டோபரில், அதே அரங்கில் அதே கெடா எதிரே நின்றது. ஆட்டம் 1-1 என்று முடிய, பினால்டியில் 6-5 என்று கெடா கிண்ணத்தைக் கொண்டுபோனது. எதிரி மாறவில்லை, இடம் மாறவில்லை, கூட்டமும் மாறவில்லை. முடிவு மட்டும் மாறியது.

மற்றொன்று இன்னும் குறுகிய காலத்தில் நடந்தது. தென்கிழக்காசிய நாடுகள் மோதிய 2010 சுசுகிக் கிண்ணத்தின் குழு ஆட்டத்தில் இந்தோனேசியா மலேசியாவை 5-1 என்று அடித்தது. அன்றைக்கு மலேசியாவின் பயிற்றுநர் கே. ராஜகோபால். நான்கு வாரம்கூட ஆகவில்லை, இறுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில் புக்கிட் ஜாலிலில் மலேசியா அதே இந்தோனேசியாவை 3-0 என்று வென்றது. சிலாங்கூரின் சாஃபி சாலி இரண்டு கோல் போட்டார். ஜாகர்த்தாவில் நடந்த மறு ஆட்டத்தில் 1-2 என்று தோற்றாலும், மொத்தக் கணக்கில் 4-2 என்று கிண்ணம் மலேசியாவுக்கு வந்தது. ஐந்து கோல் வாங்கிய இரவில் எதிரணியின் எடையைக் குறித்துவைத்தவர், தம் அணியின் எடை அந்த நான்கு வாரத்தில் எவ்வளவு கூடும் என்று குறிக்கவில்லை.

அடுத்த கருவி, பட்டியலில் எதிரணி எங்கே நிற்கிறது என்பது. இது கண்ணுக்கு நேராகத் தெரிவதால் இளைஞர்கள் முதலில் எடுப்பது இதைத்தான். 2005ஐத் தெரிந்தவர்கள் இதைக் கையில் எடுக்கும்போது சற்றே தயங்குவார்கள். அந்த ஆண்டு சிலாங்கூர் ஆடியது இரண்டாம் நிலையான பிரிமியர் லீக்கில். மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் எதிரே வந்ததோ சூப்பர் லீக் வெற்றியாளரான பெர்லிஸ். பட்டியல்படி ஒரு படி கீழே நின்ற அணி 3-0 என்று வென்றது. மூன்றையும் அடித்தவர் இந்தோனேசியாவின் பம்பாங் பமுங்காஸ். 2021இல் இதே பாடம் வேறு வடிவில் வந்தது. 2014 முதல் லீக் பட்டத்தை விடாமல் வைத்திருக்கும் ஜொகூர் டாருல் தாக்சிமை, கோலாலம்பூர் சிட்டி இறுதியாட்டத்தில் 2-0 என்று சாய்த்தது.

ஆனாலும் பட்டியலைத் தூக்கி எறிந்துவிட முடியாது. 2022இல் சிலாங்கூர் அதே ஜொகூரிடம் மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் 1-2 என்று தோற்றது. 2024 எஃப்ஏ கிண்ண இறுதியாட்டத்தில் 1-6. பட்டியல் சொன்னதுதான் நடந்தது, சொன்னதைவிடக் கடுமையாகவே நடந்தது. வலுவான அணி பெரும்பாலும் வெல்லும். எந்த நாளில் வெல்லாது என்பதைப் பட்டியல் சொல்லாது.

சொந்தத் திடல் என்பது பழைய கருவிகளில் நம்பகமானது. தன் ஊர்க் கூட்டத்தின் முன் ஆடும் அணிக்குச் சாதகம் உண்டு என்பது எல்லா நாட்டு லீக்கிலும் தெரிகிறது. 2020இல் கோவிட் காலத்தில் கூட்டமே இல்லாமல் ஐரோப்பாவில் ஆட்டங்கள் நடந்தபோது அந்தச் சாதகம் குறைந்தது. அதில் ஒரு பங்கு இரசிகரின் தொண்டையில் இருந்திருக்கிறது. சிலாங்கூருக்கோ இந்தக் கருவியே கைவிட்டுப் போயிற்று. 1994இல் திறந்த, ஏறத்தாழ 80,000 பேர் அமரும் ஷா ஆலாம் அரங்கம் 2020இல் மூடப்பட்டு, 2024இல் இடிக்கப்படத் தொடங்கியது. அணி பெட்டாலிங் ஜெயாவின் சிறிய அரங்குக்கு மாறியது. செரண்டாவிலிருந்து கொமுட்டர் ரயிலிலோ வேன் பிடித்தோ போனவர்களுக்கு இடத்தின் பழக்கமும் போயிற்று. ‘நம்ம வீடு’ என்று சொல்லி எதிரணியின் எடையில் கால் பங்கைக் கழித்துக்கொள்ள இப்போது நாக்கு வருவதில்லை.

எந்தக் கருவியும் வேலைக்கு ஆகாத ஒரு காலமும் இருந்தது. இரசிகர் அதை ஒரே சொல்லில் முடித்துவிடுவார்: கேலோங். காசு வாங்கிக்கொண்டு ஆட்டத்தை விற்பதற்கு மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இன, மொழி வேறுபாடின்றி எல்லோரும் சொல்லும் சொல் அது. 1990களின் நடுவில் நடந்த விசாரணையில் ஆட்டக்காரர்கள் 126 பேர் விசாரிக்கப்பட்டார்கள். ஆட்டக்காரர், பயிற்றுநர் என்று 21 பேர் நீக்கப்பட்டார்கள். 58 பேர் தடை செய்யப்பட்டார்கள். எதிரணியின் இடது பக்கம் பலவீனமா என்று யோசித்துக்கொண்டிருந்தவருக்கு, தன் அணியின் வலது பக்கமே விலைபோயிருக்கலாம் என்று தெரியவந்தது. ஸ்டோரில் மெட்ரோலாக்கையே மாற்றி வைத்துவிட்டால் வெட்டியவன் என்ன செய்வான்? அரங்குகளிலிருந்து கூட்டம் விலகியதற்கும், இரவு விழித்து இங்கிலாந்து லீக்கைப் பார்க்கும் பழக்கம் வேரூன்றியதற்கும் அந்த ஆண்டுகளின் கசப்பு ஒரு காரணம். இன்றைக்கும் எதிர்பாராத ஒரு தோல்வி வந்தால் மேசையின் ஒரு மூலையிலிருந்து அந்தச் சொல் எழும். அதை மறுப்பதற்கும் யாரிடமும் கருவி இல்லை.

கடைசியாக வந்தது எண். பேஸ்பாலில் அதைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் பில் ஜேம்ஸ். 1977இல் அவர் சொந்தமாக அச்சிட்ட புள்ளிவிவரத் தொகுப்பு, கண்ணுக்குத் தெரியாததைக் கணக்கு காட்டும் என்று ஒரு தலைமுறையை நம்பவைத்தது. கால்பந்தில் அதற்கு முன்பே ஒருவர் முயன்றார். பிரிட்டிஷ் விமானப்படையின் கணக்கர் சார்லஸ் ரீப், 1950 மார்ச்சில் ஸ்விண்டன் டவுன் ஆட்டம் ஒன்றின்போது பென்சிலை எடுத்து ஒவ்வொரு நகர்வையும் குறிக்கத் தொடங்கினார். இன்றைக்கு எந்த இடத்திலிருந்து அடித்த பந்து கோலாக எவ்வளவு வாய்ப்பு உண்டு என்பதைக் கைப்பேசியே சொல்கிறது. சதுரங்கத்துக்காக அர்பாட் எலோ வகுத்த முறையை ஒட்டி 2018 முதல் ஃபிஃபா நாடுகளைத் தரவரிசைப்படுத்துகிறது. வலுவான எதிரியை வென்றால் புள்ளி கூடுதல், மெலிந்தவனை வென்றால் குறைவு. யாரோடு ஆடி ஜெயித்தாய் என்று கேட்ட பெரியவரின் மெட்ரோலாக்தான் அது, கணினிக்குள் போயிருக்கிறது.

அந்த எண்களே தங்கள் எல்லையையும் சொல்கின்றன. கிறிஸ் ஆண்டர்சன், டேவிட் சாலி இருவரும் 2013இல் எழுதிய கால்பந்துப் புள்ளிவிவர நூலின்படி, பந்தயக்காரர்கள் வெல்லும் என்று குறிக்கும் அணி கால்பந்தில் பாதிக்குச் சற்று மேலான ஆட்டங்களில்தான் வெல்கிறது. பேஸ்பாலில் அது பத்துக்கு ஆறு. கூடைப்பந்தில் மூன்றில் இரண்டு. காரணம் எளிது. கூடைப்பந்தில் ஒரு தவறு நூறு புள்ளிகளுக்கு நடுவே கரைந்துவிடும். கால்பந்தில் ஒரு காவலர் சேற்றில் வழுக்கினால் ஆட்டமே அதுதான். பேஸ்பாலிலும் 2001இல் 162 ஆட்டங்களில் 116ஐ வென்ற சியாட்டில் மரினர்ஸ் உலகத் தொடரின் வாசலைக்கூட மிதிக்கவில்லை. நீண்ட பருவத்தில் தெளிவாகத் தெரிந்த வலிமை, சில நாள் மோதலில் கைகொடுக்கவில்லை. மலேசியக் கிண்ணத்தின் கால், அரை இறுதிகளை உள்ளூர், வெளியூர் என்று இரண்டாகப் பிரித்து ஆடுவதற்கு இது ஒரு நல்ல நியாயம். ஒரு மாலையின் தற்செயலை மற்றொரு மாலை கொஞ்சம் கழுவிவிடும்.

இந்தக் கருவிகளையெல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்தால், இரசிகர் உண்மையில் இரண்டு கேள்விகளை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார் என்பது புரியும். எதிரணி எப்படி வரும் என்பது ஒன்று. யார் வெல்வார் என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குத் தோட்டத்துக் கண் கெட்டியான பதில் தந்திருக்கிறது. வளைந்து வரும் கார்னர், மேலேறி இறங்காத காவலர், மழையில் கனக்கும் திடல் என்று அது சுட்டிக்காட்டியவை ஆட்டத்தில் நிஜமாகவே வந்தன. இரண்டாவது கேள்விக்குப் பந்தயக்காரர்களின் கணக்கே பாதிக்குச் சற்று மேல்தான் சரியாகச் சொல்கிறது. கடைப் பேச்சில் குரல் உயர்வதோ எப்போதும் இரண்டாவதற்குத்தான்.

கண்ணின் பங்கு குறைந்ததற்கு வேறு காரணமும் இருக்கிறது. முன்பு மாநில ஆட்டக்காரர்கள் அலுவலகங்களில் வேலை பார்த்தபடியே ஆடினார்கள், பேருந்திலும் சந்தையிலும் எதிர்ப்பட்டார்கள். 1989இல் அரைத் தொழில்முறை லீக் வந்தது, 1994இல் முழுத் தொழில்முறை. இன்று எதிரணியின் முன்களத்தில் ஆடுபவர் பிரேசிலிலிருந்து வந்திருப்பார். அவருக்கு இங்கே மச்சானும் இல்லை, சித்தப்பாவும் இல்லை. தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறி, ஆட்கள் புக்கிட் பெருந்தோங், ரவாங் அடுக்குமாடிகளுக்குச் சிதற, திடல்வழிச் செய்தி வரும் பாதையும் அடைபட்டது.

இடையில் சில ஆண்டுகள் அந்தப் பாதை மறுபடி திறந்தது. இந்திய ஆட்டக்காரர்களுக்கு வாய்ப்புத் தரவென்று மலேசிய இந்தியர் கால்பந்துச் சங்கத்தின் முயற்சியில் உருவான அணி படிப்படியாக ஏறி, 2019இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் சூப்பர் லீக்கில் ஆடியது. அப்போது எதிரணியை எடைபோடும் பேச்சில் பழைய வாக்கியங்கள் திரும்பி வந்தன. இந்தப் பையனின் தகப்பனைத் தெரியும், அந்தப் பையன் எங்கள் பள்ளித் திடலில் ஆடியவன் என்றார்கள். 2022 பருவத்தோடு அந்த அணி விலகிக்கொண்டது. இன்று தெரிந்த முகங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான். சிலாங்கூரின் இடப்பக்கத்தில் வி. ருவெந்திரன் ஆடியபோது வட்டாரமே அவரைத் தன் பிள்ளைபோல் பார்த்தது. சிலாங்கூரில் ஆடிவிட்டு 2014இல் ஜொகூருக்குப் போன எஸ். குணாளனைப் பற்றிப் பேசும்போது பெருமையும் முணுமுணுப்பும் ஒரே வாக்கியத்தில் வரும்.

செரண்டாக் கடையில் மணி பத்தைத் தாண்டிவிட்டது. கைப்பேசியில் தேடி இளைஞர் பதில் கொண்டுவருகிறார். அந்த இடப்பக்கக் காவலர் மேலேறி ஆடிய மூன்று ஆட்டங்களும் பட்டியலின் அடியில் கிடக்கும் அணிகளோடுதான். “அப்ப நாளைக்கு ஏற மாட்டான்” என்கிறார் பெரியவர். “ஏறுவான்ணே, அவன் பழக்கம் அது.” “ஏறுனா நம்ம பையன் அந்தப் பக்கமே நிக்கட்டும், நடுவுல வந்து நிக்க வேணாம்.” அதில் இருவருக்கும் ஒத்துப்போகிறது. எத்தனை கோல் என்பதில் ஒத்துப்போகவில்லை. ஒருவர் இரண்டுக்கு ஒன்று, மற்றவர் ஒன்றுக்கு ஒன்று. தோற்பவர் ஒரு தட்டு மீ கோரேங் வாங்கித் தர வேண்டும்.

மேசையைத் துடைக்க வந்த கடைப் பையன் தற்காப்பு வரிசையைக் கலைத்து மூன்று கிளாஸ்களை எடுக்கிறான். இடது ஓரத்துக் கிளாஸுக்குக் கை போனதும் பெரியவர் தடுக்கிறார். அதில் இன்னும் ஒரு மடக்கு பாக்கி இருக்கிறது.